நெல்லு வெட்டுற மெசின் பிடிக்க முதல் இத வாசிச்சிட்டுப் பிடியுங்கோ (கிளிநொச்சி மாவட்டம், முரசுமோட்டை, கண்டாவளைப் பக்கம்)

முடிவ முதலே சொல்லிடுறன், நேரமில்லாத ஆக்கள் இதோட நிப்பாட்டலாம். இந்தக் காலபோகத்துக்கு (மாரிப் பயிருக்கு) நான் பிடிச்ச தனியார் வெட்டு மெசினுக்கு, மெசின்ர வேலைக்கு அஞ்சுக்கு நாலரை, றைவருக்கு அஞ்சுக்கு அஞ்சு, காசுக் கதைக்கு அஞ்சுக்கு ஒண்டு. போன வருசம் பிடிச்ச கமக்காரர் அமைப்பு (ஊர் விவசாயிகள் சங்கம்) மெசினுக்கு வேலைக்கு மூண்டு, காசுக் கதைக்கு அஞ்சு. ரெண்டு பேரின்ர பேரும் போடேல்ல, ஏனெண்டா நான் சொல்ல வாற பிரச்சினை ஒரு தனி மனுசன்ர குணம் இல்ல, இந்தப் பக்கம் கன மெசின்காரர் இப்பிடித்தான் செய்யினம், அவையள அப்பிடிச் செய்ய வைக்கிற ஒரு முறை இருக்கு, அந்த முறைய விளங்காமல் ஆளுக்கு மார்க் குறைச்சா அடுத்த போகமும் இதே கதைதான்.

முதல்ல மெசின். குபோட்டா செயின் மெசின், ரயர் மெசின் இல்ல, இத ஏன் சொல்லுறன் எண்டா எங்கட பக்கம் மாசி மாசத்திலயும் சில வயலில ஈரம் நிக்கும், இரணைமடுக் குளத்து வாய்க்காலுக்குக் கிட்டக் கிடக்கிற துண்டுகள் லேசில காயாது, ரயர் மெசின் இறங்கினா தாட்டுப்போட்டு நிண்டிடும். செயின் மெசின் அந்தச் சேத்திலயும் நிதானமாப் போகும். ஒரு ஏக்கர் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சுது, பயிர் சாய்ஞ்ச இடத்தில மட்டும் கொஞ்சம் இழுபட்டுது. மெசின் போன பிறகு நான் தாளுக்கு மேல குந்தியிருந்து கையால விலத்திப் பாத்தனான், மணி சிந்தினது நான் பயந்த அளவுக்கு இல்ல. சிந்துறது எங்கயெண்டா திரும்புற இடத்தில, வரம்பு மூலையில, அங்க மெசின்ர வாய் போகாது, அந்த மூலையள முதல் நாளே அரிவாளால வெட்டி உள்ளுக்க போட்டு வையுங்கோ.

றைவர் பொலநறுவைப் பக்கத்துப் பொடியன், சீசனுக்கு மெசினோட இஞ்ச வாறவர், தமிழ் நல்லாக் கதைப்பார். அவருக்கு முழுப் புள்ளி ஏன் குடுத்தன் எண்டா, அவருக்குச் சம்பளம் ஏக்கர் கணக்கில, எத்தினை ஏக்கர் வெட்டுறாரோ அத்தினைக்குத்தான் காசு, அப்ப அவருக்கு ஓட்டமா ஓட்டிறதுதான் லாபம், ஓட்டமா ஓட்டினா நட்டம் எங்களுக்கு, மணியெல்லாம் வைக்கலோட சேந்து பின்னால போயிடும். அப்பிடியிருந்தும் நான் "தம்பி கொஞ்சம் மெதுவா" எண்டு சொன்ன உடன கியர இறக்கினவர், முகம் சுழிக்கேல்ல. தன்ர சம்பளத்தில இருந்து எனக்கு நெல்லு தந்த மாதிரித்தான் நான் அத எடுக்கிறன்.

ரெண்டு விசயம் கட்டாயம் கவனியுங்கோ. ஒண்டு, மெசின் உங்கட வயலுக்குள்ள இறங்க முதல் அத ஒருக்கா வெறுமையா ஓட விட்டு உள்ளுக்க கிடக்கிற பழைய நெல்லத் தட்டி விடச் சொல்லுங்கோ. இந்த மெசின்கள் மாவட்டம் மாவட்டமா ஓடுறது, வேற வயல்ர களை நெல்லு விதை உள்ளுக்க இருந்து உங்கட வயலுக்கு வந்திட்டுதெண்டா பேந்து வருசக் கணக்கா அதோட மாரடிக்க வேணும், பயிரா இருக்கேக்க பாத்தா நெல்லு மாதிரியே நிக்கும், கதிர் தள்ளி மணி கொட்டின பிறகுதான் தெரியும். மற்றது ஈரம். கையால வெட்டி, உப்பட்டிய (வயலில பிடி பிடியாப் போட்ட கதிர) காயவிட்டு அடிக்கிற நெல்லு காஞ்சு வரும், மெசின் நெல்லு பச்சையா வரும், அரசாங்கத்தின்ர நெல் சந்தைப்படுத்தும் சபை முழு விலைக்கு 14 வீதம் அல்லது அதுக்குக் குறைஞ்ச ஈரத்திலதான் எடுக்கும், அப்ப காயப் போடக் களம் வேணும். களம் இல்லாத நாங்கள் எல்லாரும் பரந்தன் முல்லைத்தீவு றோட்டுக் கரையில படங்கு விரிக்கிறம், வாகனம் வருது, மாடு வருது, ஒரு மழை இருண்டா எல்லாரும் ஓடுறம். காயப் போட இடமோ ஆளோ இல்லாதவை பச்சை நெல்லா வயலிலயே விக்கினம். இஞ்சதான் காசுக் கதை துவங்குது.

மெசின் பிடிக்க போன் எடுத்தா முதல் கேள்வி எத்தினை ஏக்கர், ரெண்டாவது கேள்வி நெல்லு ஆருக்குக் குடுக்கிறீங்கள். எனக்குச் சொன்ன ரேட் ஏக்கருக்கு 15,000. "காசு இப்ப தேவையில்ல தங்கச்சி, நெல்லு எங்களுக்குத் தாங்கோ, அதில கழிச்சுவிடுறம்." கேக்க நல்லாத்தான் இருக்கு, ஏனெண்டா அறுவடை நேரம் கையில காசு இருக்கிற கமக்காரர் எங்கட பக்கம் குறைவு, உரக்கடைக் கணக்கு, ட்ரக்டர் உழவுக் கணக்கு எல்லாம் நெல்லு வித்துத்தான் தீரும். ஆனா அண்டைக்கு வெளியில போன விலைக்கும் அவர் சொன்ன விலைக்கும் கிலோவுக்கு 6 ரூவா வித்தியாசம். கணக்கப் பாருங்கோ, மூண்டு ஏக்கர், ஏக்கருக்கு ஒரு 1,800 கிலோ எண்டு வச்சா 5,400 கிலோ, அதுக்கு 6 ரூவாப் படி 32,400 ரூவா. வெட்டுக்கூலி 45,000. அப்ப நெல்ல அவருக்கே குடுத்தா, 45,000 ரூவாய ஒரு கிழமை பிந்திக் குடுக்கிறதுக்கு நான் 32,400 ரூவா குடுக்கவேண்டி வரும். இத வட்டி எண்டு ஆரும் சொல்லுறதில்ல, விலை எண்டுதான் சொல்லுறது. அதுக்கு மேல மூடைக்குக் கழிவு எண்டு சில கிலோ, தராசு அவையின்ர.

நான் என்ர சங்கிலிய அடகு வச்சுக் காசக் கையில குடுத்துத்தான் வெட்டினனான், நெல்லக் காயவிட்டு வேற ஆளுக்கு வித்தனான். காசு தாறன் எண்டு சொன்ன உடன என்ர முறை பின்னுக்குப் போட்டுது, நெல்லுத் தாறன் எண்ட ஆக்களின்ர வயல் முன்னுக்கு வந்திட்டுது. பயிர் முத்தி நிக்குது, ஒவ்வொரு நாளும் மணி கொட்டுது, மழை மேகம் வேற. ஆரும் ஆரையும் வெருட்டேல்ல, கட்டாயப்படுத்தேல்ல. அப்பிடியிருந்தும் என்ர ஊரில கன பேருக்கு வேற வழி இருக்கேல்ல.

இதச் சொன்ன உடன எங்கட பக்கத்து வயசான ஆக்கள் "அந்தக் காலத்தில இப்பிடி இல்ல, களத்திலயே எல்லாருக்கும் பங்கு போகும்" எண்டு துவங்குவினம். எனக்கு இந்தக் கதையில கொஞ்சம் கோவம் இருக்கு, அதால கொஞ்சம் நீட்டித்தான் எழுதப் போறன்.

அந்தக் காலத்தில களத்தில பங்கு போனது உண்மை. அப்பு சொல்லுறவர், சூடு அடிச்சு (கதிர அடிச்சு நெல்லப் பிரிச்சு) பொலி தூத்தி முடிய, நெல்லு வீட்டுக்குப் போக முதல் கோயிலுக்கு எண்டு ஒரு பங்கு, பேந்து கட்டாடிக்கு (உடுப்பு வெளுக்கிறவர்), பரியாரிக்கு (முடி வெட்டுறவர்), கொல்லருக்கு, தச்சருக்கு, வெட்டின சனத்துக்கு எண்டு அளந்து குடுக்கிறது. காசு எண்ட கதையே இல்ல. வருசம் முழுக்க அவை செய்த வேலைக்கு அந்த நெல்லு. ஆனா அத வாங்க வந்தவை எப்பிடி வந்து நிண்டவை எண்டதையும் அப்பு சொன்னவர். தோளில கிடந்த துண்ட எடுத்து இடுப்பில கட்டிக்கொண்டு, முற்றத்துக்கு வெளியில, "நயினார்" எண்டு கூப்பிட்டு. தண்ணி குடிக்கச் சிரட்டை. இந்தக் கமக்காரன்ர வேலைய விட்டு வேற ஆளிட்டப் போறன் எண்டு அவரால சொல்லேலாது, தகப்பன் செய்த வேலை மகனுக்கு, அந்த வீட்டில கலியாணம் செத்த வீடு எதெண்டாலும் வந்து நிக்க வேணும். பங்கும் அந்தக் கட்டும் ஒண்டாத்தான் வந்தது, ஒண்ட வச்சுக்கொண்டு மற்றத விடேலாது. எனக்கு அந்தக் களத்து நெல்லு வேண்டாம்.

நிலப்பிரபுத்துவம் எண்டு பள்ளிக்கூடத்தில படிக்கேக்க கோட்டையும் குதிரையும்தான் எங்கட மனசில வரும். வன்னியில, எங்கட கிளிநொச்சியும் அதுக்குள்ளதான், அதின்ர உருவம் வேற. இஞ்ச வன்னிமையள் எண்டு சிற்றரசர் இருந்தவை, அவையள் யாழ்ப்பாண அரசுக்கும் பேந்து போர்த்துக்கீசர், ஒல்லாந்தருக்கும் யானை திறையாக் குடுத்து, தங்கட பகுதியத் தாங்களே ஆண்டவை. 1803ல அப்பிடி ஒரு தலைவனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையப் பிடிச்சதும், அதே வருசம் ஐப்பசியில கற்சிலைமடுவில தோத்ததும் எல்லாருக்கும் தெரியும், அதுக்குப் பிறகு வன்னியில அந்த மாதிரித் தலைமை எழும்பேல்ல. ஆனா தலைவர் போனாப்போல முறை போகாது. முறைய உடைச்சது அதுக்குப் பிறகு வந்த சட்டங்கள். 1832ல பிரிட்டிஷ்காரர் ராசகாரியத்த நிப்பாட்டினவை, அரசனுக்கோ அரசாங்கத்துக்கோ கூலியில்லாமல் வேலை செய்யத் தேவையில்ல எண்டாச்சு. 1844ல அடிமை முறைய முழுசா ஒழிச்சவை, அது வரைக்கும் வடக்கில கோவியர், நளவர், பள்ளர் எண்டு ஆக்கள அடிமையாப் பதிஞ்சு வச்சிருந்த நாடு இது. 1892ல நெல்லு வரிய எடுத்தவை. ஒவ்வொண்டும் கேக்க விடுதலைதான், உண்மையிலயும் விடுதலைதான், நான் குறைச்சுச் சொல்லேல்ல.

ஆனா அதே கையால வேற ஒண்டும் செய்தவை. 1840ல ஒரு சட்டம், உறுதி (காணிப் பத்திரம்) காட்டேலாத காடு, சேனை (காட்ட வெட்டி எரிச்சுப் பயிர் செய்யிற நிலம்), பயிரில்லாத நிலம் எல்லாம் பிரிட்டிஷ் அரசுக்குச் சொந்தம். சனம் பரம்பரை பரம்பரையாச் சேனை வெட்டின காட்டுக்கு உறுதிக்கு எங்க போறது? மலைநாட்டில அந்த நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு வித்துத் தீர்ந்துது. இனி நிலம் வாங்கலாம் விக்கலாம், ஆளும் எங்கயும் போய் வேலை செய்யலாம், ஆனா நிலம் இல்லாத ஆளுக்கு வேலை செய்யாமல் இருக்கேலாது, இதுதான் முதலாளித்துவத்தின்ர அத்திவாரம். ராசகாரியம் போன பிறகு குளத்துக்கட்டப் பராமரிக்க ஊர்ச்சனத்தக் கட்டாயமாக் கூப்பிட ஒரு அதிகாரமும் இல்லாமப் போச்சு, குளங்கள் தூந்து போனதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்லுறவை, கடைசியில 1856ல நீர்ப்பாசனத்துக்கெண்டு ஒரு சட்டம் போட்டு பழைய வழமையளத் திருப்பிக் கொண்டு வரவேண்டி வந்தது. ஒரு கட்ட அறுத்தா அந்தக் கட்டில தொங்கிக்கொண்டிருந்த நல்லதும் சேந்து விழும், அத ஆர் ஏந்துறது எண்டு யோசிச்சு அறுக்க வேணும்.

அந்தக் கோப்பித் தோட்டத்துக்கு இந்தியாவில இருந்து கொண்டு வந்த சனத்தின்ர பேரப்பிள்ளையளுக்குப் பிள்ளையள்தான் தமிழருக்கு எதிரான 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு, தோட்டங்கள அரசாங்கம் எடுத்த காலத்துப் பட்டினிக்குப் பிறகு, வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து எங்கட வயலுகளில அரிவு வெட்டினவை. வன்னியின்ர நெல்லு அந்தச் சனத்தின்ர முதுகில விளைஞ்சது எண்டு சொன்னா எங்கட ஆக்களில சிலருக்குப் பிடிக்காது, ஆனா உண்மை அதுதான். எங்கட அப்பு மாதிரி யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில இருந்து வந்தவைக்குக் குடியேற்றத் திட்டத்தில பெர்மிட் காணி (அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த காணி) கிடைச்சுது, மலைநாட்டில இருந்து வந்த அந்தச் சனத்தில கன பேருக்கு வயல் காணி கிடைக்கேல்ல, குடியிருக்கிற துண்டுக்கே ஒழுங்கான கடுதாசி இல்லாமல் இப்பவும் இருக்கினம்.

எங்கட வயலுக்கு வழமையா வெட்ட வந்த அக்கா ஒராள் அப்பிடி வந்த குடும்பம். மெசின் வர முதல் ஒரு ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேணும், அதில பெரும்பங்கு பொம்பிளையள், விடிய வந்து வெயில் ஏற முதல் பாதி முடிச்சிடுவினம். கூலி ஆம்பிளைக்கு ஒரு விலை, பொம்பிளைக்குக் குறைச்சு ஒரு விலை, அதே அரிவாள், அதே வெயில். வெட்டி முடிய வயலில கதிர் பொறுக்குறது அவையின்ர பாடு, அத ஆரும் கேக்கிறதில்ல, கேட்டா பாவம் எண்டு எங்கட ஆச்சி சொல்லுவா. அந்த அக்கா ஒரு சீசனில பொறுக்கினத வச்சு வீட்டில ரெண்டு மாசம் சமைச்சிடுவன் எண்டு சொல்லுறவ. இப்ப மெசின் கதிர மிச்சம் விடாது, விட்டாலும் தாளோட நொருங்கி மண்ணுக்க கிடக்கும், அதப் பொறுக்கேலாது. அவவுக்கு வெட்டுக் கூலியும் போச்சு, பொறுக்கிற நெல்லும் போச்சு, ரெண்டும் ஒரே போகத்தில. நான் மெசின் பிடிச்ச ஆள், எனக்கும் இதில பங்கு இருக்கு எண்டு தெரிஞ்சுதான் எழுதுறன். ஆனா 2010ல மீளக் குடியேறி வந்த நேரம் வெட்ட ஆளே இல்லை, போரில போன உயிர் போனது, இருந்ததுகளும் சிதறிப் போச்சு, மெசின் வந்திராட்டி கன வயல் விதைச்சிருக்காது.

இங்கிலாந்தின்ர கதைய வாசிச்சா இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்ல எண்டு விளங்கும். அங்க கொள்ளைநோய் 1348ல வந்து சனம் பாதிக்குக் கிட்டச் செத்து, ஆள் பஞ்சத்தில கூலி ஏறின உடன, கூலிய ஏத்தக் கூடாது எண்டு 1351ல சட்டம் போட்டுப் பாத்தவை, அது நிக்கேல்ல, 1381ல விவசாயிகள் கிளம்பிட்டினம். பண்ணை அடிமை முறை அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு போச்சு. பேந்து ஊருக்குப் பொதுவாக் கிடந்த மேய்ச்சல் நிலத்துக்கு வேலி விழுந்துது. அறுவடை முடிஞ்ச வயலில ஏழையள் கதிர் பொறுக்கிறது அங்கயும் காலங்காலமா இருந்த வழமை, ஆனா 1788ல கோட் சொல்லிட்டுது அப்பிடி ஒரு உரிமை சட்டத்தில இல்ல எண்டு, வழக்கில நிண்டதும் ஒரு பொம்பிளைதான். 1830ல தெற்கு இங்கிலாந்தில கூலியாக்கள் இரவு இரவாப் போய் சூடு அடிக்கிற மெசினுகள உடைச்சவை. மாரிகாலம் முழுக்க அவையளுக்குச் சோறு போட்ட வேலை சூடு அடிக்கிறதுதான், மெசின் அதப் பறிச்சுப்போட்டுது. 19 பேரத் தூக்கில போட்டு, ஏறத்தாழ 500 பேர ஆஸ்திரேலியாப் பக்கம் நாடு கடத்தினவை. எங்கட அக்கா மெசின உடைக்கேல்ல. அவ மகளக் கிளிநொச்சிக் காமென்சுக்கு (உடுப்புத் தைக்கிற பக்டரிக்கு) அனுப்பிட்டா.

அந்தப் பிள்ளையப் பற்றியும் சொல்ல வேணும், ஏனெண்டா இழந்ததைய மட்டும் எழுதினா பொய்யாப் போகும். விடிய இருட்டோட பஸ் வருது, டார்கெட் முடிக்காட்டி ஏச்சு, கால் வீங்குது, எல்லாம் உண்மை. ஆனா அவளின்ர சம்பளம் அவளின்ர பேரில பாங்குக்கு வருது. வேலை செய்யிற மேசையில பக்கத்தில இருக்கிற பிள்ளை என்ன சாதி எண்டு கேக்காமலே சாப்பாட்டுப் பெட்டிய மாத்திச் சாப்பிடினம். தாய் எங்கட வீட்டுக்கு வந்தா இப்பவும் குசினி வாசலோட நிப்பா, எத்தினை தரம் சொன்னாலும் உள்ளுக்க வரமாட்டா. மகள் வந்து கதிரையில இருந்து, "அக்கா தேத்தண்ணிக்குச் சீனி காணாது" எண்டு சொல்லுவாள். சாதி பாத்து கடையிலயும் கோயிலிலயும் மறிக்கிறது குற்றம் எண்டு 1957லயே சட்டம் வந்தது, அதுக்குப் பிறகும் 1968ல யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில கோயில் வாசலில நிண்டு போராட வேண்டி இருந்தது. சட்டமும் போராட்டமும் பாதி தூரம் கொண்டு வந்து விட்டத, தன்ர கையில சொந்தக் காசு இருக்கிறது இன்னும் கொஞ்சம் தூரம் தள்ளியிருக்கு. அந்தக் கதிரையில அவள் இருக்கிறதுக்காக எத்தினை மெசினெண்டாலும் வரட்டும் எண்டு எனக்குச் சில நேரம் தோன்றும்.

அப்ப என்ர முறைப்பாடு என்ன எண்டா, காசு வந்ததில இல்ல. காசு எண்டு பேர் சொல்லிக்கொண்டு பழைய கட்டு திரும்பி வாறதில. "கூலியக் காசாத் தராத, நெல்ல எனக்கே குடு, தராசு என்ர, விலை என்ர, அடுத்த போகமும் என்னட்டயே வா" எண்டு மெசின்காரர் நடத்துற இதுக்கும் களத்தில அளந்த காலத்துக்கும் எவ்வளவு தூரம்? அந்தக் காலத்துக் கமக்காரனாவது பஞ்சம் வந்தா தன்ர ஆக்களுக்கு ஒரு கொத்து நெல்லு குடுத்தாக வேணும், இல்லாட்டி ஊர் பழிக்கும். இந்த மெசின்காரருக்கு அதுவும் இல்ல. ரஷ்யாவில 1861ல பண்ணை அடிமையள விடுதலை செய்தவை, நிலமும் குடுத்தவை, ஆனா அந்த நிலத்துக்கு 49 வருசம் தவணை கட்டவேணும் எண்டு எழுதிக் குடுத்தவை, தவணை முடியும் வரைக்கும் ஊரை விட்டுப் போறதுக்கும் லேசில விடேல்ல. ஆண்டானிட்ட இருந்து விட்டுக் கடனிட்டக் கட்டினது. அந்தத் தவணை முழுசாத் தீராமலே, பெரிய கலவரம் வந்து 1907லதான் நிப்பாட்டினவை.

மெசின்காரரையும் நியாயமாப் பாக்கவேணும். அவரும் எங்கட ஊர்க் கமக்காரர்ர பிள்ளைதான், மெசின் லீசிங்கில எடுத்தது, மாசத் தவணை லட்சக் கணக்கில, உழைக்கிற காலம் வருசத்தில ரெண்டு போகத்துக்கும் சேத்துச் சில கிழமையள்தான். தவணை பிந்தினா லீசிங்காரர் வந்து மெசினத் தூக்கிக்கொண்டு போவினம். அதால அவர் மில்காரரிட்ட முற்பணம் வாங்கியிருக்கிறார், இவ்வளவு மூடை தாறன் எண்டு சொல்லி. அப்ப அவர் எங்கட நெல்லப் பிடிக்காட்டி அவர மில் பிடிக்கும். ஆளுக்கு மேல ஆளா இப்பிடியே போகுது, ஆரையும் கெட்டவன் எண்டு காட்டேலாது, ஆனா கடைசிப் பாரம் வயலில நிக்கிற ஆளின்ர தலையிலதான் வந்து இறங்குது. பெர்மிட் காணிய எங்களால நினைச்ச இடத்தில ஈடு வைக்கவும் ஏலாது, அது 1935ம் ஆண்டுச் சட்டம், எங்கட காணி பறிபோகாமல் காப்பாத்தினதும் அதுதான், அதில நான் குறை சொல்லேல்ல, ஆனா பாங்கில லேசில கடன் எடுக்கேலாமல் மெசின்காரரிட்டயும் உரக்கடையிலயும் போய் நிக்கிறதுக்கும் அது ஒரு காரணம்.

இனி போன வருசம் பிடிச்ச அமைப்பு மெசின், அது பக்கத்து ஊர் அமைப்பின்ர. வேலைக்கு மூண்டு புள்ளி மட்டும்தான், மெசின் பழசு, பெல்ட் அறுந்தா சாமான் எடுக்க ஆள் வவுனியாவுக்கு ஓடவேணும், அது வரைக்கும் பயிர் வெயிலில நிக்கும். றைவர் மாதச் சம்பளம், அவசரம் இல்லாமல் வெட்டுறார், சிந்துறது இன்னும் குறைவு, ஆனா பின்னேரம் அஞ்சு மணிக்கு நிப்பாட்டிடுவார். வரிசை வாய்க்கால் ஒழுங்கில, மேல் மடையில இருந்து கீழ் மடைக்கு, அதால கடைமடைக்காரருக்கு எப்பவும் கடைசி, இத மாத்தி மாத்திச் செய்யவேணும் எண்டு அவையின்ர கூட்டத்தில சொல்லியிருக்கிறம். காசுக்கு அஞ்சு ஏனெண்டா, போன வருசம் ஏக்கருக்கு 12,500, றிசீட் உண்டு, நெல்ல ஆருக்கு வேணுமெண்டாலும் வில், வித்துப்போட்டு வந்து கட்டு, அவ்வளவுதான். அந்த ஒரு மெசின் அந்த ஊரில நிண்டதால அந்தப் பக்கத்துத் தனியார் மெசின்காரரும் "நெல்லு எங்களுக்குத்தான்" எண்ட கதைய எடுக்கிறதில்ல, ரேட்டும் எங்கட பக்கத்த விடக் குறைச்சுத்தான் கேட்டவை. ஒரே மாதிரி வயல், ஒரே நெல்லு. மெசின் ஆரின்ர எண்டதிலதான் வித்தியாசம்.

வெட்டக் கூப்பிட முதல் தனியார் மெசின்காரரிட்ட இதுகளக் கேளுங்கோ: காசு கையில தந்தா முறை எத்தினையாவது, நெல்லு தந்தா எத்தினையாவது, நெல்லு தாறதெண்டா அண்டைய விலையோ இப்ப பேசுற விலையோ, கழிவு மூடைக்கு எத்தினை கிலோ, தராசு ஆரின்ர. போனில வேண்டாம், நேர போய், ஆக்கள் நிக்கேக்க கேளுங்கோ. பக்கத்து வயல்காரர் நாலஞ்சு பேர் சேந்து ஒரே நாளுக்குப் பேசினா ஏக்கருக்கு ஆயிரம் ரெண்டாயிரம் குறைப்பினம், மெசின ஏத்தி இறக்கிற செலவு அவையளுக்கு மிச்சம். வைக்கல் மாட்டுக்குத் தேவையெண்டா முதலே சொல்லி வையுங்கோ, வெட்டுவாயக் கொஞ்சம் பதிச்சு வெட்டச் சொல்லலாம். வெட்டி முடிய மூலையில தப்பிக் கிடக்கிற கதிரக் கூட்டிக் குவிச்சு மாட்டுக்குப் போடாமல், உங்கட வயலில வழமையா வெட்ட வந்த ஆக்களுக்கு ஒரு சொல்லு சொல்லி விடுங்கோ, நான் இந்த முறை சொல்லி விட்டனான், ரெண்டு பேர் வந்தவை.

எங்கட ஊர் அமைப்புக் கூட்டம் சிறுபோகத்துக்கு (கோடைப் பயிருக்கு) முதல் நடக்கும், அதில நாங்களும் ஒரு மெசின் எடுக்கிறதப் பற்றிக் கதைக்க இருக்கிறம். வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் பக்கம் அமைப்பு மெசின் வச்சிருக்கிற ஆக்கள் இருந்தா, என்ன ரேட் எடுக்கிறீங்கள், திருத்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்குறீங்கள், பழைய வெட்டுக்காரப் பொம்பிளையளக் காயவைக்கிற வேலைக்கோ கணக்கு வேலைக்கோ சம்பளத்துக்கு எடுக்கிறீங்களோ, எடுத்தா ஆம்பிளைக்குக் குடுக்கிற அதே சம்பளமோ எண்டு தயவுசெய்து சொல்லுங்கோ.